மூன்று வாசல், ஒரு குசினி

கூடப்பிறந்த அண்ணன் ஜவாஹிர் நானாவின் வீட்டில் றம்லத் டீச்சருக்குக் கொடுத்திருந்தது மாடியில் ஓர் அறை. நல்ல அறைதான். ஜன்னலைத் திறந்தால் கம்பளைக் கடைத்தெருவும் அதற்கப்பால் ஆறும் தெரியும். கணவர் மௌத்தாகி அடக்கமான பிறகு, அவருடைய வீட்டை அவரின் சகோதரர்கள் விற்று, பிள்ளையில்லாத மனைவிக்கு மார்க்கப்படி உரிய காற்பங்கைக் கையில் கொடுத்தார்கள். அன்றைக்கு வேனோடு வந்து நின்றவர் நானாதான்.

"என்ட வீடு ஈக்கும்போது நீ எங்க போற?" என்றார். அன்போடு சொன்னதுதான். அதில் றம்லத்துக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

இரண்டு வருடம் அந்த அறையில் இருந்தாள். ஒரு சனிக்கிழமை, தன்னோடு ஒரே பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் சிந்துஜாவைப் பகல் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். மதினி முகம் சுளிக்காமல் சோறு போட்டார். பின்னேரம் நானா மாடிப்படியில் நின்றபடி சொன்னார்:

"ஆரும் வாரதெண்டா முந்தியே எங்களுக்கிட்ட ஒரு வார்த்த செல்லோணும், றம்லத். இது சத்திரம் இல்ல."

றம்லத்துக்கு ஐம்பத்துமூன்று வயது. இருபத்தொன்பது வருடமாகக் கணிதம் படிப்பிக்கிறாள். அவளிடம் படித்தவர்களில் இரண்டு பேர் டொக்டர்கள், ஒருவர் நீதவான். ஒரு சிநேகிதிக்குச் சோறு கொடுக்க அனுமதி கேட்க வேண்டிய நிலைக்கு எப்படி வந்தோம் என்று யோசித்தாள். திங்கட்கிழமை ஆசிரியர் ஓய்வறையில் சிந்துஜாவிடம், "நான் வீடு பாக்கப் போறன்," என்றாள்.

சிந்துஜா சிரித்தாள். "நாங்களும்தான் டீச்சர். திரும்பியும்."

சிந்துஜாவும் கணவன் தினேஸும் கண்டியில் ஒருவருடைய வீட்டோடு சேர்ந்த அனெக்ஸில் வாடகைக்கு இருந்தார்கள். ஒன்பது வருடத்தில் அது ஆறாவது வீடு. வெளிநாட்டிலிருந்து மகன் வருகிறான், ஆனி மாதத்துக்குள் வீட்டை விட்டு எழும்புங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். அதே வளவின் பின்னறையில் இருந்த ரத்தினம்மாவுக்கும் அதே அறிவித்தல். ரத்தினம்மா ஆஸ்பத்திரியில் அட்டென்டனாக முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்யவில்லை. தன் பெயரில் வாசற்படி ஒன்றுகூட இருந்ததில்லை என்பார்.

மூன்று பேரும் தனித்தனியாகத் தேடினார்கள். கையிலிருந்ததற்குக் கிடைத்ததெல்லாம் ஓட்டோகூட ஏறாத சரிவில் ஆறு பேர்ச் காணி, இல்லாவிட்டால் வெய்யில் படாத பள்ளத்தில் அரைகுறையாகக் கட்டி விட்ட சுவர்கள். பிறகு தினேஸ் ஒரு விளம்பரத்தோடு வந்தான். கலகெதரவுக்குப் போகும் பாதையில், ஒரு மிளகு வியாபாரியின் பழைய வீடு. பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில். வீட்டோடு ஒட்டி மிளகும் கொக்கோவும் காயவைத்த நீளமான ஸ்டோர். வளவு நிறையப் பலாவும் ஜாதிக்காயும். ஒருவருக்கு எட்டாத விலை. மூவர் சேர்ந்தால் எட்டும்.

"சேந்து வாங்கினா என்னா?" என்றாள் சிந்துஜா. "ஆளுக்கொரு வாசல். ஆளுக்கொரு பாத்ரூம். கதவச் சாத்துனா அவங்கவங்க வீடு. குசினியும் ஹோலும் தோட்டமும் மட்டும் பொது."

றம்லத் கடுதாசியில் கோடு போட்டுப் பார்த்தாள். ஸ்டோரை இரண்டாகப் பிரித்தால் இரண்டு குடியிருப்பு. பழைய வீட்டின் முன்பக்கம் மூன்றாவது. நடுவில் எல்லோரும் சமைக்கப் பெரிய குசினி. கணக்குச் சரியாக வந்தது.

கண்டியில் நொத்தாரிஸ் வீட்டு உறுதிப் பத்திரத்தை எழுதுமுன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவர்களைப் பார்த்தார். "மூணு பேரும் சொந்தமா?"

"இல்ல," என்றாள் றம்லத்.

"பிரிபடாத பங்கெண்டு எழுதினா நாளைக்குச் சண்டை வரும். கூடப்பிறந்தவங்களே பிரிச்சுத் தரச் சொல்லி வழக்குக்கு வாறாங்க. நீங்க வேற வேற ஆக்கள்."

"கூடப்பிறந்தவங்க ஒத்தர ஒத்தர் தெரிவு செஞ்சு வாரல்ல. நாங்க தெரிவு செஞ்சு வந்தீக்கிறோம். எழுதுங்க."

அவர் எழுதினார். கூடவே ஓர் உடன்படிக்கையும்: யாராவது பங்கை விற்பதானால் முதலில் மற்ற இருவரிடமும் கேட்க வேண்டும்.

குசினி விஷயத்தில்தான் கூடுதலாகப் பேச வேண்டி வந்தது. சிந்துஜா வீட்டில் மாட்டிறைச்சி தொடமாட்டார்கள். றம்லத்துக்கு அறுத்த விதம் ஹலாலாக இருக்க வேண்டும். ரத்தினம்மா செவ்வாயும் வெள்ளியும் மரக்கறி மட்டும். மூன்று பின்னேரம் பேசி முடிவெடுத்தார்கள்: பொதுக் குசினியில் மாடும் இல்லை, பன்றியும் இல்லை, கோழி வந்தால் றம்லத் சொல்லும் கடையிலிருந்து வரும், வேறு எது வேண்டுமானாலும் அவரவர் வாசலுக்குள் சின்ன அடுப்பில். பகல் சாப்பாடு அவரவர் பாடு. இரவுச் சோறு எல்லோருக்கும் ஒன்று; முறைபோட்டுச் சமைப்பது.

ஆனி மாதம் குடிவந்தார்கள்.

முதலில் வந்து பார்த்தவர் சிந்துஜாவின் அப்பா கறுப்பையா. ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, அங்கேயே செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டி, மனைவியை அங்கேயே புதைத்தவர். மகள் வீடு வாங்கிவிட்டாள் என்று கேள்விப்பட்டதும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்தார். கேற்றடியில் நின்று நீளமான ஸ்டோரைப் பார்த்தார். வரிசையாக வாசல்கள். முற்றத்தில் ஒரு பொதுக் குழாய். ஒரே கூரை.

"மத்த வீடெல்லாம் யாருது?"

"எல்லாம் நம்ம வீடுதாம்ப்பா. மூணு குடும்பம் சேந்து வாங்கியிருக்கோம்."

அவர் உள்ளே வரவில்லை. "இது லயம்," என்றார். "நாலு தலமொற லயத்துல கெடந்தோம். ஒரு காம்பராவுல ஒம்பது பேரு. பக்கத்துக் காம்பராக்காரன் இருமுனா நம்ம புள்ள முழிச்சிக்கும். ஒன்னைய அதுல இருந்து வெளியேத்தத்தான் நானும் ஒங்கம்மாவும் செத்தோம். நீ படிச்சு, டீச்சராகி, காசு குடுத்து லயம் வாங்கியிருக்க."

"அப்பா, லயத்துல கதவு கம்பெனியோடது. இங்க..."

"கொழா பொதுவா இல்லையா? அதச் சொல்லு."

சிந்துஜாவிடம் பதில் இருந்தது. அதைக் கேட்க அவர் நிற்கவில்லை. அவர் ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் திரும்பிப் போனார். அன்றைக்குச் சமையல் முறை அவளுடையது. தேங்காய் துருவியபடியே அழுதாள். ரத்தினம்மா துருவலையை வாங்கிக்கொண்டு, "நீ போய்ப் படு, நான் பாத்துக்கிறேன்," என்றார். சிந்துஜா போகவில்லை. மூக்கைத் துடைத்துவிட்டு, "இந்த வீட்டுக்காக யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்க மாட்டேன். எங்கப்பாகிட்டயும்," என்றாள்.

ஜவாஹிர் நானாவுடைய கோபம் வேறுவிதம். கம்பளையில் கட்டடச் சாமான் கடை வைத்திருப்பவர். பத்துப் பேர் வந்துபோகும் இடம். வருகிறவர்களில் யாரோ ஒருவர், "ஒங்கட தங்கச்சிக்கு ஒரு அறை குடுக்க ஏலாமப் போச்சா ஹாஜியார்?" என்று கேட்டிருக்கிறார். அது அவரைச் சுட்டுவிட்டது. இரண்டு முறை வந்து றம்லத்தைத் திரும்பக் கூப்பிட்டார். அவள் மறுத்தாள். மூன்றாம் முறை அவர் றம்லத்தைப் பார்க்கவில்லை. ரத்தினம்மாவை ஆஸ்பத்திரிச் சந்தியில் சந்தித்தார்.

கம்பளையில் தனக்குச் சின்னதாக ஒரு வீடு இருக்கிறது, புது ஓடு, தனிக் கேற். அதை ரத்தினம்மாவின் பெயருக்கு எழுதித் தருகிறேன், பதிலுக்கு இங்கிருக்கும் பங்கை எனக்குத் தாருங்கள் என்றார். பங்கு கைக்கு வந்தால் பிரித்துத் தரச் சொல்லி வழக்குப் போடலாம் என்பது அவர் கணக்கு.

ரத்தினம்மா மறைக்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு முன் அப்படியே சொன்னார். "முழு வீடு. என் பேருல மட்டும். எனக்கு ஆசையா இருக்கு. பொய் சொல்ல மாட்டேன்."

தினேஸ் எழும்பிவிட்டான். "உடன்படிக்கை இருக்கு, எங்ககிட்டதான் முதல்ல கேக்கணும்."

"அதான் கேக்குறேன்ல?"

றம்லத் தினேஸை உட்காரச் சொன்னாள். நானா தன் வீட்டுக்குள் வேலிபாய்ந்ததில் அவளுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் நிதானமாகவே பேசினாள். "ரத்தினம்மாக்கா, எங்களுக்கு ஒங்கட பங்க வாங்க ஏலாது. அது ஒங்களுக்கும் தெரியும். போறதெண்டாப் போங்க. ஒங்களக் கட்டி வெச்சா இது வீடில்ல, ஜெயில். ஆனா ஒண்டு, போய் அந்த வீட்டப் பாத்துட்டு வந்து முடிவெடுங்க. கேள்விப்பட்டத வெச்சு எடுக்க வாணாம்."

ரத்தினம்மா போனார். முழு நாளும் அங்கே இருந்தார். பின்னேர பஸ்ஸில் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, குசினிக் கதிரையில் உட்கார்ந்தார்.

"வீடு நல்ல வீடு. குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஒங்க அண்ணன் சாவியக் குடுத்துட்டுப் போயிட்டாரு. உள்ள ஒக்காந்து பாத்தேன். மத்தியானம் தலை சுத்துச்சு, பிரஷர் குளிசை எடுக்க மறந்துட்டேன். இங்கன்னா காலையிலயே இந்தப் புள்ள சிந்துஜா 'குளிசை போட்டீங்களா'ன்னு கத்திட்டுத்தான் இஸ்கூலுக்குப் போகும். எனக்கு அது எரிச்சலா இருக்கும். அங்க ஒக்காந்துதான் அந்தச் சத்தத்த நெனச்சேன்." கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "சாவிய அவரு கடையில மேசை மேல வெச்சுட்டு வந்துட்டேன். 'நான் யாரையும் பிரிக்கிறதுக்காக வீடு வாங்க மாட்டேன் மொதலாளி'ன்னு சொன்னேன். கடையில நாலஞ்சு பேரு இருந்தாங்க. நல்லாக் கேக்குற மாதிரியே சொன்னேன்."

கார்த்திகை மாதம் மழை பிடித்தது. விடாமல் பெய்து மலைகளில் மண் சரிந்தது. கறுப்பையாவின் லயத்துக்குப் பின்னாலிருந்த மேடு வெடித்து, அதிகாரிகள் வந்து, இனி இங்கே இருக்கக்கூடாது என்று சுவரில் சிவப்பு அடையாளம் போட்டார்கள். மற்றவர்களோடு அவரும் பாடசாலை மண்டபத்தில் பாயில் படுத்தார். சிந்துஜாவும் தினேஸும் பாதை திறந்த அன்றே போய்க் கூட்டிவந்தார்கள். வரமாட்டேன் என்றுதான் அடம்பிடித்தார். காய்ச்சல் அவருக்காக முடிவெடுத்துவிட்டது.

ஒரு வாரம் சிந்துஜாவின் வாசலுக்குள்ளேயே இருந்தார். பிறகு மெல்ல முற்றத்துக்கு வந்தார். குசினியில் யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார். ஒருநாள் பலா மரத்தில் காய்ந்த கிளையைக் கேட்காமலே வெட்டிவிட்டு, "கேட்டிருக்கணுமோ?" என்றார். ரத்தினம்மா, "கேட்டிருக்கலாம். ஆனா நல்லாத்தான் வெட்டியிருக்கீங்க," என்றார்.

தை மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, கேற்றுக்கு வெளியே லொறி ஒன்று வந்து நின்றது. நிறைய சீமெந்துக் கல். பின்னால் நானாவின் கார். கொத்துவேலை செய்யும் இரண்டு மேசன் பாஸ்மார் இறங்கி, கேட்காமலே கேற்றைத் திறந்து, முற்றத்தில் கட்டை அடித்து நூல் கட்டத் தொடங்கினார்கள். நூல் றம்லத்தின் வாசலைச் சுற்றி, குசினிக் கதவை வெளியே தள்ளி, குழாயைத் தாண்டிப் போனது.

றம்லத் கையில் அரிசி களைந்த தண்ணீரோடு வெளியே வந்தாள்.

"இதென்ன நானா?"

"மதில். ஆறடி. ஒன்ட பங்குக்குத் தனிக் கேற் ஒண்டு போட்டுத் தாரன். நீ இங்கயே இரு, இனி நான் கூப்பிட மாட்டன். ஆனா எங்கட வீட்டுப் பொம்புள அந்நிய ஆம்பிளகள் திரியிற முத்தத்துல இருந்தா ஊர் ஒன்னக் கேக்காது, என்னத்தான் கேக்கும். கல்லுக்கும் கூலிக்கும் நீ ஒண்டும் தரத் தேவல்ல."

"நான் கேட்டனா?"

"எல்லாத்தையும் கேட்டா செய்வாங்க? நான் ஒனக்கு நானா."

கல் இறங்கத் தொடங்கியது. தினேஸ் ஓடி வந்தான். றம்லத் அவனைக் கையால் மறித்தாள். ஆம்பிளைக்கும் ஆம்பிளைக்கும் இடையிலான விஷயமாக இது மாறிவிட்டால் தான் தோற்றுவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். பாத்திரத்தைக் கீழே வைத்தாள். முதல் கட்டைக்குப் போனாள். இரண்டு கையாலும் அசைத்துப் பிடுங்கினாள். நூல் தளர்ந்து மண்ணில் விழுந்தது. இரண்டாவது கட்டை இறுகியிருந்தது. உட்கார்ந்து பிடுங்கினாள். முந்தானை வழுக்கியதைச் சரிசெய்துவிட்டு மூன்றாவதுக்குப் போனாள்.

பாஸ்மார் இருவரும் நானாவைப் பார்த்தார்கள். "நீங்க அடிங்க," என்றார் அவர்.

அப்போதுதான் கறுப்பையா சிந்துஜாவின் வாசலிலிருந்து இறங்கி வந்தார். தோளில் துவாய். நேரே றம்லத்திடம் போய்க் கேட்டார்:

"டீச்சரம்மா, இந்தச் செவுரு ஒங்களுக்கு வேணுங்களா?"

"வாணாம் ஐயா."

அவர் நான்காவது கட்டைக்கும் சுத்தியலுக்கும் நடுவில் போய் மண்ணில் உட்கார்ந்துகொண்டார்.

"பெரியவரே, இது எங்கட குடும்ப விஷயம்," என்றார் நானா.

"இருக்கட்டுங்க. நான் குடும்பத்தப் பத்திப் பேசல. செவுத்தப் பத்திப் பேசறேன்." கறுப்பையா சத்தம் போடவில்லை. "எங்க லயத்துக்கு முன்னுக்கு ஒரு துண்டு எடம். நான் போஞ்சிக்கொடி போட்டிருந்தேன். ஒருநா தோட்டத்துக் கம்பெனிக்காரன் வந்து, இப்பிடித்தான், நூல் கட்டி, இதுக்கு அங்கிட்டு ஒனக்கு இல்லன்னான். பூத்திருந்த போஞ்சி. பாத்துக்கிட்டே நின்னேன். வாயத் தொறக்கல. ஏன்னா அந்த மண்ணு எனக்குச் சொந்தமில்ல. இது சொந்தம். என் மக பேரு உறுதியில இருக்கு, இந்த அம்மா பேரு இருக்கு, ரத்தினம்மா பேரு இருக்கு. ஒங்க பேரு இருக்குங்களா?"

நானா மண்ணில் விழுந்து கிடந்த நூலைப் பார்த்தார்.

"இல்லன்னா கல்ல ஏத்துங்க."

ரத்தினம்மாவும் சிந்துஜாவும் வந்து றம்லத்துக்குப் பக்கத்தில் நின்றார்கள். ரோட்டில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். நானாவின் முகம் கறுத்தது. றம்லத்துக்கு அந்த முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. சின்ன வயதில் மத்ரஸாவுக்குக் கை பிடித்துக் கூட்டிப் போனவர். அதனால்தான் அவர் கிட்டவே போய்ச் சொன்னாள்:

"நானா, ஒங்கட வீட்டுல எனக்கு ஒரு கொறையும் இல்ல. எல்லாம் தந்தீங்க. ஆனா நான் அங்க விருந்தாளி. விருந்தாளிக்கு வயசு போகப்போக மதிப்புக் கொறையும். இங்க நான் சோத்துல உப்புக் கூடினா ஏச்சுக் கேக்கிற ஆள். இந்த முத்தத்துல தினேஸ் தம்பி திரியிறான், இந்த ஐயா திரியிறாங்க. ஒங்களுக்கு அவங்க அந்நியம். எனக்கு இல்ல. ஊர் கேட்டா இப்படியே செல்லுங்க: என்ட தங்கச்சி கேக்கிறாள் இல்ல எண்டு. வெக்கப்படத் தேவல்ல. அது உண்மைதானே."

அவர் காரில் ஏறிப் போய்விட்டார். கல்லை ஏற்றச் சொல்லவில்லை. பாஸ்மார் கொஞ்ச நேரம் நின்றார்கள். ரத்தினம்மா தேத்தண்ணி கொடுத்தார். குடித்துவிட்டு, லொறிக்காரனோடு அவர்களும் போனார்கள்.

பாதிக் கல் முற்றத்தில் குவிந்திருந்தது. நல்ல கல், இதை வைத்துப் பின்னால் கோழிக்கூடு கட்டலாம் என்றான் தினேஸ். றம்லத் கூடாது என்றாள். "கேக்காமத் தந்த ஒண்டும் இந்த வளவுக்குள்ள இருக்கக்கூடாது." செவ்வாய்க்கிழமை பாடசாலை விட்டதும் லொறியொன்றை வாடகைக்குப் பிடித்து, கறுப்பையாவையும் தினேஸையும் துணைக்கு ஏற்றி, தான் முன்சீற்றில் உட்கார்ந்து கம்பளைக்குப் போனாள். கடைக்கு முன்னால் ஒவ்வொன்றாக எண்ணி இறக்குவித்து, கணக்கப்பிள்ளையிடம் கையெழுத்து வாங்கினாள். நானா உள்ளே தொலைபேசியில் இருந்தார். தலை நிமிரவில்லை. அவளும் உள்ளே போகவில்லை. திரும்பும்போது பாதி வழியில் கண் கலங்கியது. இருவரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். அதற்காகவும் அவர்களை அவளுக்குப் பிடித்தது.

நோன்புப் பெருநாளுக்கு நானா வரவில்லை. மதினி மட்டும் தொலைபேசியில் ஸலாம் சொன்னார். றம்லத்தும் போகவில்லை. போகலாம், ஒருநாள் போவாள். ஆனால் விருந்தாளியாக, பின்னேரமே திரும்பி வருகிறவளாக.

கல் இறக்கிய கதை கடைத்தெருவில் பரவியது. நானா பயந்தது அதற்குத்தான். ஆனால் அதைக் கேட்டு முதலில் றம்லத்தைத் தொலைபேசியில் அழைத்தது நுஸ்ஹா என்ற பெண். கம்பளையில் தையல் கடை வைத்திருப்பவள், கணவனைப் பிரிந்தவள்.

"டீச்சர், அங்க இன்னொரு வாசல் ஈக்கா?"

"இல்ல. மூணுதான்." றம்லத் கொஞ்சம் யோசித்தாள். "நீங்க தனியாவா தேடுறீங்க?"

"என்னப்போல இன்னும் ரெண்டு பேர் ஈக்கிறாங்க. ஒத்தர் ஆஸ்பத்திரியில தாதி. ஒத்தர் தோட்டத்துப் பொம்புள, கடையில என்னோட தைக்கிறவ."

"அப்ப மூணு பேரும் ஞாயித்துக்கெழம வாங்க. எங்கட உடன்படிக்கையக் காட்டுறன். நாங்க பிழைவிட்ட இடங்களயும் சேத்துச் செல்றன்."

வந்தார்கள். குசினியில் கதிரை போதவில்லை. கறுப்பையா வாசற்படியில் உட்கார்ந்தார். நுஸ்ஹா உறுதியை வாசித்தாள். தாதிப் பெண் பாத்ரூம்களை எண்ணினாள். தோட்டத்திலிருந்து வந்தவள்தான் எல்லோர் மனதிலும் இருந்ததைக் கேட்டாள்.

"சண்ட வராதுங்களா?"

"வரும்," என்றார் ரத்தினம்மா. "நேத்தும் வந்துச்சு. வாஷிங் மெஷின் யாரு எப்ப போடறதுன்னு. இன்னும் முடியல." சிந்துஜாவைப் பார்த்தார். "இவ சொல்றது பிழை. நான் சொல்றதக் கேளுங்க..."

"நான் சொல்றதுதான் சரி," என்றாள் சிந்துஜா, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு.